பெஞ்சில் இருக்கும் 7-ஆம் நம்பரையும் 11-ஆம் நம்பரையும் பற்றி, கோச் மாஸ்டருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாஸ்டருக்கும் கிளப் கமிட்டி அண்ணன்மாருக்கும்,

வணக்கம். நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் ஆடினாலும் சரி, மார்த்தாண்டம் பக்கம் பள்ளிக்கூட மைதானத்தில் ஆடினாலும் சரி, நம் கூடைப்பந்து டீமில் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் முதல் பாயிண்ட் கார்டுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் கேலரியில் சண்டை தொடங்கிவிடுகிறது. அடுத்து யார் இறங்க வேண்டும், 7-ஆம் நம்பரா, 11-ஆம் நம்பரா? பெயர்களை நான் எழுதவில்லை. இரண்டு பேரும் பிளஸ் டூ பையன்கள், வீட்டிலும் இதைப் படிப்பார்கள்.

ஆட்டம் 40 நிமிடம். முதல் கார்டு எப்படியும் 30 நிமிடம் நிற்பான். மிச்சம் இருப்பது பத்தே நிமிடம். அதை நீங்கள் பங்கு வைக்கும் விதம்தான் என் குறை. ஒருவன் பந்தைக் கோட்டை விட்டால் உடனே வெளியே. உள்ளே போனவன் ஒரு ஷாட்டைத் தவறவிட்டால் அவனும் வெளியே, பழைய ஆள் மறுபடி உள்ளே. வடசேரி பஸ் ஸ்டாண்டில் சீட்டுக்குத் துண்டு போட்டுவிட்டு இறங்கியவன் ஜன்னலையே பார்ப்பது போல, இரண்டு பையன்களும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஆடுகிறார்கள். அப்படி ஆடுகிறவன் எப்படி ஓப்பனாக நிற்கிற ஆளைக் கண்டு பாஸ் கொடுப்பான்?

முதலில் 11. கமிட்டியில் அவனுக்குத்தான் ஓட்டு அதிகம், காரணமும் இருக்கிறது. நல்ல கை. 6.75 மீட்டர் திரீ பாயிண்ட் கோட்டுக்கு வெளியே கால் ஊன்றி நிற்கும்போது பந்து வந்து சேர்ந்தால், எதிரணியின் 2-3 ஜோன் (முன்னால் இருவர், ரிங் பக்கம் மூவர் என்று இடத்தைக் காக்கும் டிஃபென்ஸ்) அந்த நிமிடமே கலைகிறது. அவனைப் பிடிக்க ஒருவன் மேலே ஏறி வர, ரிங்குக்கு அடியில் நம் நெட்டைப் பையனுக்கு இடம் கிடைக்கிறது. ஆனால் அவனே பந்தைக் கொண்டு வரும்போது கதை வேறு. இரண்டு பேர் சேர்ந்து ஓரத்தில் மடக்கினால் முதுகைக் காட்டி நின்றுவிடுகிறான். நம் பக்கத்துப் பின்பாதியைப் பந்தோடு தாண்ட 8 விநாடிதான். அதில் பாதி அங்கேயே போய்விடும். டிஃபென்ஸில், எதிரணி ஆள் குறுக்கே நின்று மறிக்கும் ஸ்கிரீன் வந்தால் அதிலேயே மாட்டிக்கொள்வான், அவன் பிடிக்க வேண்டிய ஆள் நேராக லே-அப் போடுவான்.

7-ஐப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அவன் செய்வது எழுத்தில் ஏறுவதில்லை. நாம் மேசையில் எழுதும் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம்) ஸ்கோர்ஷீட்டில் பாயிண்டும் ஃபவுலும் டைம்-அவுட்டும் உண்டு. யார் எத்தனை நிமிடம் ஆடினான், யார் பாஸ் கொடுத்தான், யார் பந்தைப் பறிகொடுத்தான் என்பதற்கெல்லாம் கட்டமே கிடையாது. மாற்று ஆளாக உள்ளே வந்தான் என்பதற்கு ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். அந்தத் தாளைக் கமிட்டிக் கூட்டத்தில் விரித்து வைத்துப் பேசினால் 11 தான் ஜெயிப்பான். 7-க்கு எதிரே இருப்பது பெரும்பாலும் ஃபவுல் குறிகள்தான்.

கிரவுண்டில் பாருங்கள். மைதானம் முழுக்க நெருக்கிப் பிடிக்கும் பிரஸ் போடும் டீமுக்கு எதிராக அவன் இறங்கினால் பந்து அலட்டல் இல்லாமல் எதிர்ப் பாதிக்கு வந்து சேர்கிறது. எதிரணிக் கார்டு, ஷாட் எறியக் கிடைக்கும் 24 விநாடியில் பாதியைப் பந்தைத் தட்டிக்கொண்டே செலவழிக்கிறான், காரணம் 7 அவன் முன்னால் நிற்கிறான். குறை இல்லாமல் இல்லை. அவன் ஷாட்டுக்கு யாரும் பயப்படுவதில்லை, அதனால் அவனைப் பிடிக்க வேண்டியவன் பின்வாங்கி ரிங்குக்கு முன்னால் உள்ள பெயிண்டை அடைத்துவிடுகிறான். அப்புறம் அந்தக் கை நீட்டும் பழக்கம். குவார்ட்டரில் டீம் ஃபவுல் நான்கைத் தாண்டினால் எதிரணிக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு ஃப்ரீ த்ரோ என்பதை அவனுக்கு நீங்கள்தான் உறைக்கும்படி சொல்ல வேண்டும்.

இந்த மாதிரிக் கார்டுக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்கள் அமெரிக்க லீக்கான என்.பி.ஏ.வின் 2025 ஃபைனல்ஸின் மூன்றாவது ஆட்டத்தைப் பார்க்கட்டும். இந்தியானா பெஞ்சிலிருந்து வந்த டி.ஜே. மெக்கானல் எடுத்தது 10 பாயிண்ட்தான். கூடவே 5 அசிஸ்ட் (பாஸ்கெட் ஆன பாஸ்), 5 ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பறித்த பந்து). எதிரணி பாஸ்கெட் வாங்கிவிட்டு அசால்ட்டாக உள்ளே எறிந்த பந்துகளைக்கூடப் பாய்ந்து பறித்தார். இந்தியானா 116-107 என்று ஜெயித்தது. புது ஆட்டக்காரர்களை டீம்கள் பொறுக்கி எடுக்கும் டிராஃப்டில், 2015-இல் எந்த டீமும் எடுக்காமல் விட்ட ஆள் அவர். 11-க்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் அதே 2024-25 சீசனில், பெஞ்சிலிருந்து இறங்குபவர்களில் சிறந்தவருக்கான ஆறாம் ஆள் விருது வாங்கிய பாஸ்டனின் பேட்டன் பிரிச்சர்டைச் சொல்வார்கள். சொல்லட்டும். பக்கத்தில் டெரிக் ஒயிட்டோ ஜ்ரூ ஹாலிடேயோ பந்தைக் கொண்டுவர இருந்ததால் அவருக்கு நின்று எறிய நேரம் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

நம் ஊருக்கே உரிய ஒன்றும் உண்டு. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று காற்றாலைகளை மட்டுமா சுற்றுகிறது? திறந்த சிமெண்ட் கோர்ட்டில் எறிகிற திரீ பாயிண்டரையும்தான் திருப்புகிறது. அந்த மாதங்களில் 11-ஐ நம்பி ஆட்டத்தை ஒப்படைப்பது அவனுக்கே அநியாயம். டிரிப்ளிங்கைக் காற்று ஒன்றும் செய்யாது. இண்டோர் என்றால் நான் வேறு மாதிரி பேசுவேன்.

ஆகவே என் கோரிக்கை இது. முதல் கார்டு உட்காரும்போது அவன் இடத்துக்கு 7 போகட்டும். இரண்டாம் குவார்ட்டரின் முதல் ஐந்து நிமிடத்தை முழுசாக அவனிடம் கொடுங்கள், ஒரு டர்னோவருக்காக, பந்தை ஒருமுறை பறிகொடுத்ததற்காக, வெளியே இழுக்காதீர்கள். 11-ஐ முதல் கார்டுக்குப் பதிலாக இறக்காமல் அவனோடு சேர்த்து இறக்குங்கள், முக்கியமாக எதிரணி ஜோனுக்கு மாறும்போது. பந்தைக் கொண்டுவரும் பாரம் போனால் அவன் ஷாட் இன்னும் விழும்.

கடைசி 2 நிமிடத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. அப்போது எதிரணி பாஸ்கெட் போட்டால் கடிகாரம் நிற்கும், பாஸ்கெட் வாங்கிய நாம் ஆளை மாற்றலாம், 11 உள்ளே வரலாம். ஆனால் நாம் பாஸ்கெட் போட்ட பிறகு, எதிரணி ஆள் மாற்றினாலோ யாராவது டைம்-அவுட் எடுத்தாலோ ஒழிய 7-ஐத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் கையில் ஒரு டைம்-அவுட் மிச்சம் வையுங்கள். போன சீசனில் எல்லாவற்றையும் மூன்றாம் குவார்ட்டர் முடிந்த சூட்டிலேயே தீர்த்துவிட்டு நின்றோம்.

கமிட்டி அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. இரண்டு வீட்டுக்காரர்களும் உங்களைப் பார்க்க வருகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். காலேஜ் சீட், ஸ்போர்ட்ஸ் கோட்டா, எல்லாம் புரிகிறது. 12 பேர் பட்டியலில் இரண்டு பேரும் இருக்கிறார்கள், சர்டிபிகேட்டில் நிமிடக் கணக்கு யாரும் எழுதப் போவதில்லை. நிமிடத்தை மாஸ்டரிடம் விடுங்கள்.

மாஸ்டர், இதை இரண்டு பேரிடமும் ஆட்டத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், எப்போது இறங்குவார்கள், எவ்வளவு நேரம் என்று. நிமிடம், பாஸ், டர்னோவர் எல்லாம் தனியாகக் குறித்துத் தர ஆள் வேண்டுமென்றால் நான் பெஞ்சுக்குப் பின்னால் உட்காரத் தயார். நோட்டு நானே வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கேலரியின் மேல் படியில் உட்காரும் பழைய ஆட்டக்காரன்