ஓட இடம் கொடுத்தவர்களுக்கு

படம் இரண்டாவது வாரத்தில் இருக்கிறது, பல ஊர்களில் காலைக் காட்சி மட்டும்தான் மிச்சம். ஆனாலும் பார்த்தவர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: "அந்த ஆளு நம்மள மாதிரியே ஓடுறான்." கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த ஓட்டத்தில் இயக்குநர் என்று நான் உரிமை கொண்டாட ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கிறது. டைட்டிலில் எல்லாருக்கும் நன்றி போட்டோம், சரி, ஆனால் அது எங்கள் ஹீரோவைவிட வேகமாக ஓடிவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

படம் பார்க்காதவர்களுக்கு: வடசென்னையில் வீடு வீடாக ஈபி ரீடிங் எடுக்கும் ஒருவர், அப்படிப் போன ஒரு வீட்டில் பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிடுகிறார், அன்று ராத்திரி விடியும்வரை ஓடுகிறார். அவருக்கு அடிக்கத் தெரியாது. அவ்வளவுதான் கதை.

முதல் நன்றி, அந்த வேலையைப் பல வருடம் பார்த்து ஓய்வுபெற்ற ஐயாவுக்கு. என் ஸ்கிரிப்டில் ஹீரோ பூட்டிய கேட்டைத் தாண்டிக் குதிப்பான். ஐயா படித்துவிட்டுச் சிரித்தார். "எதுக்குத் தம்பி குதிக்கணும்? ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் அந்தத் தெருவுக்குப் போறவன். எந்த கேட்டுல கையை உள்ளே விட்டா கொக்கி வரும்னு அவனுக்குத் தெரியாதா?" நான் வாயடைத்துப்போனேன். எந்த வீட்டில் நாய், எந்த மாடிப்படிக்கு அடியில் மீட்டர் பெட்டி, எது முட்டுச்சந்து, எந்தச் சந்து அடுத்த தெருவில் போய் விழும், எல்லாம் அந்த ஆளுக்கு மனப்பாடம். துரத்துகிறவர்களிடம் கத்தி இருக்கிறது, இவனிடம் தெரு இருக்கிறது. இடைவேளைக்கு முந்தைய பதினைந்து நிமிடத்தை அன்று ராத்திரியே கிழித்துப்போட்டுத் திரும்ப எழுதினேன். அதில் ஒரு குதி கூடக் கிடையாது.

அடுத்து ஸ்டண்ட் மாஸ்டர். பெயர் போட வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், போடவில்லை. முதல் நாள் நான் பெரிய மனுஷன் மாதிரி "22 பிரேம்ல எடுத்துடலாம் மாஸ்டர்" என்றேன். நொடிக்கு 24 பிரேமுக்குப் பதில் 22-இல் எடுத்தால் திரையில் ஓட்டம் கொஞ்சம் விறுவிறுப்பாகத் தெரியும், சண்டைக் காட்சிகளில் வழக்கமாகச் செய்வதுதான். நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஓடத் தெரியாதவன் ஓடுறான். மூச்சு வாங்கட்டும். 24-லயே வை" என்றீர்கள். வைத்தோம்.

முதல் மாடியிலிருந்து விழும் ஷாட்டுக்கு ரிச்சி தெருக் கடைகளில் கேட்டு வாங்கிய காலி அட்டைப்பெட்டிகள்தான் மெத்தை. நான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஒவ்வொரு பெட்டியாக டேப் போட்டு இறுக்கி ஒட்டிக்கொண்டிருந்தேன். டூப் போட்ட தம்பி வந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். காற்று வெளியே போக வழி இருந்தால்தான் பெட்டி அமுங்குமாம், இல்லாவிட்டால் தரையில் விழுவதும் அதில் விழுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மூன்று அடுக்குப் பெட்டி, மேலே பழைய மெத்தை, சுற்றி ஒரு கயிறு. தம்பி, நீங்கள் நான்கு முறை விழுந்தீர்கள், படத்தில் இருப்பது நான்காவது. விழுந்து எழுந்த ஆள் உடனே ஓடாமல் ஒரு நொடி செருப்பைத் தேடுகிறானே, அது யார் எழுதியது என்று எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள். யாரும் எழுதவில்லை. ரிகர்சலில் உங்கள் செருப்பு நிஜமாகவே காணாமல் போய்விட்டது, நீங்கள் தேடினீர்கள்.

ஒரு செருப்புதான் கிடைத்தது என்பதால் மீதிப் படம் முழுக்க அந்த ஆள் ஒற்றைச் செருப்போடு ஓட வேண்டியதாகிவிட்டது. அந்தப் பாரம் கடைசியில் வந்து விழுந்தது, படத்துக்குக் காலடிச் சத்தம் போடும் எஃபெக்ட்ஸ் அண்ணன் தலையில். வழக்கமான ஓட்டச் சத்தம் வைத்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அண்ணன் கேட்கவில்லை. ஒரு காலில் ஹவாய், ஒரு கால் வெறும் கால், மணல் ஒரு தட்டு, ஜல்லி ஒரு தட்டு, ஈரச் சாக்கு ஒன்று என்று பரப்பிவைத்துத் திரையைப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே ஓடினார். டப், சத், டப், சத். ஜல்லித் தட்டு வந்தபோது நிஜமாகவே "ஸ்ஸ்" என்றார், அதையும் வைத்துக்கொண்டோம்.

நடுவில் பணம் போட்டவர் கையை விரித்துவிட்டார். நன்றி மடலில் அவருக்கு இடமில்லை. ஆனால் அந்த வாரம் "பேட்டாவை அப்புறம் வாங்கிக்கறோம், ஜெனரேட்டருக்கு மட்டும் டீசல் போடுங்க" என்று சொன்ன லைட்மேன் அண்ணன்களுக்கு இடம் உண்டு. இரண்டு பேருக்கு இன்னும் பாக்கி இருக்கிறது, மறக்கவில்லை.

கிளைமாக்ஸ் காசிமேட்டில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையோடு கரையாகக் கட்டிக்கிடக்கும். எங்களுக்கு அது வசதி, படகுக்கார அண்ணன்களே, உங்களுக்கு வருமானமில்லாத நாட்கள். அந்த நேரத்திலும் முகம் சுளிக்காமல் படகை விட்டுக் கொடுத்தீர்கள். வலை சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்கள் ஹீரோவைக் கூப்பிட்டு, "ரெண்டு படகும் முட்டும்போது காலை வை. விலகும்போது வெச்சா நடுவுல போயிடுவ" என்றார். போகவில்லை. ஒரே ஒருமுறை போகப் பார்த்தான், பக்கவாட்டில் தொங்கிய பழைய டயரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டான். அதுவும் படத்தில் இருக்கிறது, கேமராமேன் பயத்தில் நிறுத்த மறந்துவிட்டார். விடியற்காலையில் அங்கேயே பூசணிக்காய் உடைத்து முடித்தோம்.

மொட்டைமாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த புடவையைத் துரத்தல் காட்சியில் கிழித்துவிட்டோம். அந்த அக்கா காசு வேண்டாம் என்று சொல்லி ஒரே ஒரு டிக்கெட் கேட்டார். முதல் நாள் வந்து பார்த்தார். வெளியே வந்ததும் கதை, நடிப்பு எதைப் பற்றியும் பேசவில்லை, "என் பச்சைப் புடவை நல்லாத் தெரியுதுல்ல?" என்று மட்டும் கேட்டார். நல்லாத் தெரிந்தது அக்கா.

அப்புறம் முனை டீக்கடை அண்ணன். பதினோரு ராத்திரி எங்களுக்காகக் கடையைத் திறந்து வைத்திருந்தீர்கள். நோட்டில் கடைசிப் பக்கக் கணக்கு இன்னும் அடைபடவில்லை, தெரியும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள்.