உள்ளே வரி இல்லாத குழல்

அன்புள்ள நண்பா,

நலமா? போன வாரம் நீ போன் செய்தபோது பஸ்ஸில் இருந்தேன், சத்தத்தில் எதுவும் சொல்ல முடியவில்லை. இங்கே மாங்காய் சீசன், கூழ் ஆலைக்குப் போகும் லாரிகள்தான் ரோடு முழுக்க.

நான் சொல்ல வந்தது இதுதான். இராயக்கோட்டைப் பக்கம் ஒரு பெரியவர் வீட்டில் பழைய என்ஃபீல்டு துப்பாக்கி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். தாத்தா காலத்திலிருந்து உரிமத்தோடு வரும் எம்.எல்., அதாவது குழல் வாய் வழியே மருந்தும் குண்டும் கெட்டிக்கும் துப்பாக்கி, இப்போது ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே எடுத்துப் பொட்டு வைப்பார்களாம். குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று பட்டைகள், பூட்டுத் தகட்டில் கிரீடம், 1859 என்ற வருடம். நீயும் நானும் இத்தனை வருடமாகப் பேசிக்கொண்டிருக்கும் 1853 மாடல்தான் என்று நினைத்தேன், கை நடுங்கிவிட்டது.

அப்புறம் குழல் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தேன். குண்டைச் சுழல வைத்து நேராக அனுப்பும் மூன்று முறுக்கு வரிகள் ஓட வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, நம்மூர் நாட்டுத் துப்பாக்கி மாதிரி வழவழவென்று இருந்தது. தேய்ந்துவிட்டதோ என்று வெர்னியரை வைத்து அளந்தால் உள்விட்டம் 16.6 மில்லிமீட்டர். 1853 மாடல் என்றால் 14.7-தான் இருக்கும். தூரத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கும் பின்குறியும் இல்லை, அசையாத சின்னக் குறிதான். தேய்மானமே இல்லை, செய்யும்போதே இப்படிச் செய்திருக்கிறார்கள். இது 1858 மாடல்.

1857-இல் கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்கச் சொன்னதில் சிப்பாய்கள் கொதித்தார்களே, அது என்ஃபீல்டு தோட்டாதான். கலகம் அடங்கியதும் வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு வரி போட்ட குழல், நம் ஆளுக்கு அதே உருவத்தில் வரி இல்லாத குழல் என்று பிரித்துவிட்டார்கள். தோளில் போட்டு நின்றால் இரண்டும் ஒன்றுதான், சுட்டால்தான் தெரியும். ஒன்றில் பல நூறு கெஜத்துக்குக் குறி வைக்கலாம், மற்றதில் நூறைத் தாண்டினால் குண்டு போகிற இடம் குண்டுக்கே தெரியாது. அதன் பிறகும் அதே கதைதான், அவர்களுக்கு 1871-இல் மார்ட்டினி ஹென்றி என்ற புதுத் துப்பாக்கி வந்த பிறகுதான் நம்மவர்களுக்கு அதற்கு முந்தைய ஸ்னைடர் துப்பாக்கி இறங்கியது.

வரி இல்லாததைச் சேகரிப்பில் வைக்க மாட்டேன் என்று நீ சொல்வாய். எனக்கு இப்போது அதுதான் பெரிதாகத் தெரிகிறது. நம் ஊர் ஆள் தோளில் சுமந்தது இதைத்தானே. அந்த அவநம்பிக்கையை இரும்பிலேயே குடைந்து வைத்திருக்கிறார்கள், விரலை விட்டால் தொட்டுப் பார்க்கலாம்.

பெரியவரின் பேரன் துப்பாக்கியைத் தேய்க்க எமரி பேப்பர் வாங்கி வைத்திருந்தான். தொடவே வேண்டாம் என்று கெஞ்சிவிட்டு வந்தேன். மெல்லிய எண்ணெயும் பழைய வேட்டித் துணியும் போதும். நான் முன்பு ஒரு தகட்டைத் தேய்த்து அதில் இருந்த முத்திரையை அழித்தது இன்னும் மனதில் உறுத்துகிறது.

சரி, நீ விலை பேசியிருக்கும் மார்ட்டினி. பணம் கொடுக்கும் முன் விக்டோரியா ராணி முத்திரைக்குக் கீழே உள்ள வருடத்தைப் பார். அவர் இறந்தது 1901-இல், அதற்குப் பிந்தைய வருடம் இருந்தால் கைபர் பக்கம் பட்டறையில் செய்த நகல். எழுத்துகள் கோணலாக இருக்கிறதா என்றும் பார். உரிமம் விஷயத்தை வக்கீலிடம் கேட்காமல் வீட்டுக்கு எடுத்து வராதே. சுடவே முடியாத, பழுது பார்த்தாலும் சுடாத பழம்பொருளுக்குத்தான் 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் விலக்கு.

அடுத்த மாதம் வந்தால் பெரியவர் வீட்டுக்குச் சேர்ந்து போகலாம், கேமராவை எடுத்து வா.

அன்புடன்,
உன் நண்பன்