தெற்குவாடிக்கும் எங்கள் கடற்கரைக்கும் ஒரு நன்றி மடல்

மண்டபத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் இடையே உள்ள எங்கள் கடற்கரையின் பெரியவர்களுக்கும், அண்ணன் தம்பிகளுக்கும், கடற்பாசி எடுக்கும் அக்காமார்களுக்கும், பாம்பன் தெற்குவாடி விசைப்படகுத் தொழிலாளர்களுக்கும் வணக்கம்.

கடலில் காணாமல் போய், நீங்கள் தேடி மீட்டுக்கொண்டு வந்த அப்பா நலமாக இருக்கிறார். உடன் சென்ற சித்தப்பாவும் அத்தை மகனும் நலம். மூவரும் கரைவரை நடந்துபோய் வள்ளத்தைப் பார்த்துவிட்டு வந்ததாக அம்மா சொன்னார். நாள்தோறும் விசாரித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நீங்கள் ஒவ்வொருவரும் உங்களால் ஆனதைச் செய்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் தொழிலுக்குத் திரும்பிவிட்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்தார் என்பதுகூட உங்களில் பலருக்குத் தெரியாது. அம்மாவிடமும் ஊர்த்தலைவர் ஐயாவிடமும் கேட்டுக் கேட்டு, தெரிந்தவரை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆனி மாதம், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வலுத்திருந்த நேரம். மாலையில் மனோலித் தீவுக்கு வெளியே வலை விடப்போன வள்ளம் விடியும்போது கரைக்கு வந்திருக்க வேண்டும். வலைக்கயிறு இயந்திரத்தின் விசிறியில் சுற்றிக்கொண்டது. நங்கூரம் போட்டால் அதன் கயிறும் அறுந்தது. கைபேசிக்குச் சிக்னல் எட்டாத தொலைவு. வெயில் ஏறியும் வள்ளம் வராததைக் கண்டு முதலில் கரையில் வந்து நின்றவர் அம்மா அல்ல, ஏலம் எடுக்கும் வியாபாரி. அவர் போய்ச் சொன்ன பிறகுதான் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்திருக்கிறார்கள்.

எனக்குச் செய்தி வந்தபோது நான் ஷார்ஜாவில் வேலையில் இருந்தேன். கையில் சேமிப்பு இருந்தது. கைபேசியில் இரண்டு முறை தொட்டால் பணம் ஊருக்குப் போய்விடும். ஆனால் யாருக்கு அனுப்புவது? ஊர்த்தலைவரை அழைத்து, “ஐயா, எத்தனை படகு வேண்டுமானாலும் வாடகைக்கு எடுங்கள், என்ன ஆனாலும் நான் தருகிறேன்” என்றேன். “வாடகைக்கு எதற்கு எடுக்க வேண்டும்? நம் வள்ளங்கள் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. நீ அம்மாவிடம் பேசு, அவர் சாப்பிடவில்லை” என்றார் அவர். 1554 என்ற எண்ணில் கடலோரக் காவல் படைக்கும் அவரே அதற்குள் சொல்லியிருந்தார்.

டீசல் எங்கிருந்து வந்தது என்று பிறகு விசாரித்தேன். மறுநாள் தொழிலுக்கென வீட்டில் வைத்திருந்த கேன்களை ஆளுக்கொன்றாகத் தூக்கி வந்து கரையில் வைத்திருக்கிறீர்கள். யாருடைய கேன் எது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. இப்போது கேட்டாலும் சொல்ல மறுக்கிறீர்கள்.

பாசி எடுக்கும் அக்காமார்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் நம் பக்கத்துத் தீவுகளைச் சுற்றியுள்ள பார்கள், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகள், அவர்களுக்குத் தெரிந்த அளவு வள்ளக்காரர்களுக்கும் தெரியாது. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கியே அந்த இடங்களைக் கற்றவர்கள். முசல் தீவுக்கும் மனோலிக்கும் நடுவே வள்ளம் தட்டி நிற்கக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். இருவர் வள்ளத்திலேயே ஏறிப் போனார்கள். அங்கே அப்பா இல்லை. இல்லை என்று உறுதியானதால்தான் தேடல் கிழக்கே திரும்பியது.

கிழக்கே என்று சொன்னவர், நாங்கள் எல்லோரும் தாத்தா என்றே அழைக்கும் பெரியவர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது சிறுவனாகத் தப்பி வந்தவர். கச்சான் தள்ளுவதும் நீரோட்டம் இழுப்பதும் இந்த மாதத்தில் ஒரே திசைதான், வள்ளம் தனுஷ்கோடிக்குத் தெற்கே போயிருக்கும் என்று மணலில் கோடு போட்டுக் காட்டினாராம். அதற்கும் அப்பால் போனால் இலங்கை எல்லைக்கோடு. எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதை இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அது தெரிந்தும் இருட்டில் அந்தப் பக்கம் வள்ளத்தைத் திருப்பினீர்கள்.

இனி தெற்குவாடி அண்ணன்மார்களுக்கு. விசைப்படகுக்காரர்களுக்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் உள்ள மனத்தாங்கல் பழையது. எங்கள் வலைகளை உங்கள் படகுகள் அறுத்துப் போனதாக அப்பா பலமுறை கூட்டங்களில் பேசியிருக்கிறார். உங்களுக்கும் எங்கள் மேல் சொல்லக் குறைகள் உண்டு. அது பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். இந்த நன்றியால் மறைந்துவிடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடைக்காலம். வருமானமில்லாமல் கழித்துவிட்டு, கடன் வாங்கி ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு கடலுக்கு வந்திருந்தீர்கள். வயர்லெஸ்ஸில் செய்தி கேட்டதும், வலையின் மடியில் மீன் இருக்கும்போதே அவசரமாக வலையை இழுத்து, அது பாரில் மாட்டிக் கிழிந்தும் பொருட்படுத்தாமல் படகைத் திருப்பினீர்கள். விடியற்காலையில் வள்ளத்தைக் கண்டுபிடித்தது நீங்கள்தான். உங்கள் தண்ணீரையும் கஞ்சியையும் கொடுத்து, கரைவரை கட்டி இழுத்து வந்தீர்கள். யாருடைய வள்ளம் என்று தெரிந்த பிறகும், கூட்டத்தில் உங்களை எதிர்த்துப் பேசியவர் இவர் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை என்கிறார் அப்பா. இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் பேச்சு நின்றுவிடுகிறது.

பணத்தை இகழ்ந்து எழுதுவதாக நினைக்க வேண்டாம். வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்துக்காக, பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கே கொடுத்துக்கொண்டிருந்த வீடு எங்களுடையது. அந்தக் கடனை அடைத்தது என் சம்பளம். ஓலைக்கூரை காரை வீடானதும் அதனால்தான். வெளிநாட்டுச் சம்பளம் இல்லாவிட்டால் இந்தக் கரையில் பல வீடுகளில் பிள்ளைகள் படித்திருக்க முடியாது. அதன் மதிப்பு எனக்குத் தெரியும். ஆனால் அன்று இரவு கச்சானில் வள்ளம் ஓட்டிய ஒருவருக்கும் நான் கூலி பேசவில்லை. பேசியிருந்தாலும் அந்தக் கூலிக்காக யாரும் எல்லைக்கோட்டின் பக்கம் போயிருக்க மாட்டார்கள். உடம்புக்கு முடியாமல் கரையில் கிடக்கும் கூட்டாளிக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பது அப்பாவின் வழக்கம். ஆள் இல்லாத வீடுகளுக்குக் குழம்புக்கு மீன் கொடுத்துவிட்டுத்தான் மிச்சத்தை ஏலத்துக்கு வைப்பார். அந்த வீடுகளிலிருந்தெல்லாம் அன்று யாராவது ஒருவர் எங்கள் வாசலில் இருந்திருக்கிறார்கள்.

அம்மாவைத் தனியே விடாமல் இரவு முழுவதும் உடனிருந்த எதிர்வீட்டு மதினிக்கும், மூவரையும் ஏற்றிச்சென்ற 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும், ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும் நன்றி. அறையில் விடியும்வரை என்னோடு விழித்திருந்த கீழக்கரை, தொண்டி நண்பர்களுக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கிழிந்த வலைக்காக நான் அனுப்பிய பணத்தைத் தெற்குவாடி அண்ணன்மார் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டீர்கள். நூல் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கிழிந்த கண்ணிகளைத் தானே பின்னித் தருவதாக அப்பா சொல்கிறார். சித்தப்பாவும் கூட வருகிறார். வரும் வெள்ளிக்கிழமை காலை உங்கள் கரைக்கு வருவார்கள். வலையை எடுத்து வையுங்கள். இதையும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பிள்ளை,
ஷார்ஜாவிலிருந்து