புல்லு 200 ரூபா, சவுக்காரம் இல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம இணைப்புல நுவரெலியா பக்கம் சின்னப் புள்ளைங்கள கூட்டிட்டுப் போற பண்ணைகள பத்தி முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. படமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆட்டுக்குட்டிய கட்டிப்புடிச்சுட்டு நிக்கிற அந்தப் புள்ளையோட மொகத்த என் மக கூட வெட்டி சொவத்துல ஒட்டி வச்சிருக்கா. ஆனா கடைசிக்கு முந்தின பந்தியில, தேயிலைத் தோட்டப்புறத்துல இருந்து வர்ற தாய் தகப்பனுக்கு புள்ளைங்க கைய கழுவி விடுற பழக்கமில்ல, அதனாலதான் அங்க சுகாதாரம் கெட்டுப்போகுதுங்கிற அர்த்தத்துல ஒரு வரி இருந்துச்சே. அத எழுதினவரு எந்தத் தோட்டத்து லயத்துல எத்தன நாள் தங்கிப் பாத்துட்டு எழுதினாருன்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது. எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க.

நான் தலவாக்கலைக்கு மேல ஒரு தோட்டத்துல பொறந்தவ, 16 வருஷமா முன்பள்ளி டீச்சரா இருக்கேன். காலைல புள்ளைங்க வந்ததும் மொத வேலையே தண்ணிப் பீலியடில வரிசையா நிப்பாட்டி கை கழுவ வைக்கிறதுதான், ஒரு பாட்டு பாடி முடிக்கிற வரைக்கும் தேய்க்கணும், வெரல் இடுக்கு, நகத்துக்குள்ள எல்லாம், பெறகுதான் பிஸ்கட். பனிக்காலத்துல அந்தத் தண்ணில கைய வச்சுப் பாருங்க, வெறச்சுப் போகும். அப்படியும் எங்க புள்ளைங்க கழுவுதுங்க. சவுக்காரம் (சோப்பு) யாரு வாங்குறான்னு கேக்காதீங்க, அது வேற கத.

சரி. நீங்க எழுதின மாதிரி ஒரு பண்ணைக்கு போன ஏப்ரல் லீவுல நாங்களும் போனோம் (எதுன்னு சொல்ல மாட்டேன், வக்கீல் நோட்டீஸ் வந்தா நீங்களா வந்து நிக்கப் போறீங்க?). நானு, வீட்டுக்காரரு, என் ரெண்டு புள்ள, தங்கச்சி மகன், எங்கம்மா. ஏப்ரல்னா நுவரெலியா எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், கொழும்பு வேன் எல்லாம் நானுஓயாலயே நிக்குது. டிக்கட் பெரியவங்களுக்கு 800, புள்ளைங்களுக்கு 500. அது போக உள்ள ஒரு கைப்பிடி புல்லு 200 ரூபா. எங்கம்மா அந்தப் புல்ல கையில வாங்கி திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. கொழுந்து மலையில வேல முடிஞ்சு வந்து, ரெண்டு பசு மாட்டுக்கு தலச்சுமையா புல்லுக்கட்டு தூக்கிட்டு வந்த மனுசி அது, அந்தப் பால வித்துத்தான் நான் ஏ.எல். வரைக்கும் படிச்சேன். தங்கச்சி மகன் சத்தமா கேட்டுட்டான், "அம்மாயி, நீங்க சும்மாதானே வெட்டுவீங்க, இங்க ஏன் காசு?" டிக்கட் கிழிக்கிற பையனே சிரிச்சுட்டான்.

இத ஏன் சொல்றேன்னா நாங்க மாடு ஆடு காணாம அங்க போகல. புள்ளைங்களுக்கு முயல் பாக்கணும், குதிரக்குட்டி பாக்கணும், அவ்வளவுதான். அந்த முயல் கூண்டுல நடந்ததத்தான் உங்க ஆளு எழுதியிருக்கணும். முயல காதப் புடிச்சு தூக்கி புள்ளைங்க மடியில வைக்கிறாங்க. புள்ளைய கீழ ஒக்கார வச்சு, முயலோட பின்னங்கால் பக்கம் தாங்கிக் குடுக்கணும், இல்லேன்னா அது ஒதற்ற ஒதறல்ல அதோட முதுகெலும்பே முறிஞ்சு போகும். நான் எங்கம்மா பாஷையில மெதுவா சொன்னேன், முயல் குடுத்த பொண்ணுக்கு தமிழ் வெளங்கல, எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல சொன்னேன், மொறச்சுட்டுப் போயிருச்சு. ஆட்டுப் பட்டிக்கு ஒட்டினாப்பல ஐஸ்கிரீம் கடை. புள்ளைங்க ஒரு கையில கோன், மத்த கையில ஆட்டுக்குத் தீனி, ஆடு ரெண்டையும் நக்குது. கீழ ஈரச் சாணி, அதுல தவழ்ற புள்ளையையும் எறக்கி விட்டிருக்காங்க, அவங்க வந்தது ப்ராடோ ஜீப்புல. தோட்டத்துல இருந்து வந்தவங்க இல்ல.

இனி கை கழுவுற எடம். பைப்பு மூணு, ஒண்ணுலதான் தண்ணி, அதுவும் ஒசரத்துல, அஞ்சு வயசுப் புள்ளைய தூக்கிப் புடிச்சாத்தான் எட்டும். சவுக்காரம் இல்ல. அதுக்குப் பதிலா வாசல்ல ஒரு சனிட்டைசர் போத்தல். சாணி ஒட்டின கையில அதத் தேச்சா ஒண்ணும் ஆகாது ஐயா, ஓடுற தண்ணியும் சவுக்காரமும்தான் வேணும், சில கிருமி சனிட்டைசருக்கு சாகவே சாகாது. பக்கத்துல ஒரு பெரிய போர்டு, விலங்கத் தொட்டா கைய கழுவுங்கன்னு. சிங்களத்துல இருந்துச்சு, இங்கிலீஷ்ல இருந்துச்சு. தமிழ்ல இல்ல. ஆனா புல்லு விக்கிற எடத்துல "200 ரூபா"ன்னு தமிழ்ல அழகா எழுதியிருந்தாங்க, ஒரு எழுத்துப் பிழை கூட இல்ல. 1987ல 13வது திருத்தத்துலயே தமிழும் அரச கரும மொழின்னு வந்தாச்சு, அது தனியார் எடம்தான், நான் சட்டம் பேச வரல. காசு வாங்க மட்டும் எங்க மொழி தெரியுதேன்னுதான் சொல்றேன். இத உங்க ஆளு பாக்கல. எங்க கைதான் அவரு கண்ணுக்குத் தெரிஞ்சுது.

இங்கிலாந்துல 2009ல சரே பக்கம் இப்படி ஒரு பண்ணைக்குப் போனதுல 93 பேருக்கு ஈ.கோலை ஓ157ங்கிற சாணிக் கிருமி தொத்திச்சு, கூடுதலா சின்னப் புள்ளைங்க, சில புள்ளைங்களுக்கு கிட்னியே பழுதாச்சு. விசாரிச்சவங்க புள்ளைங்கள பெத்தவங்க மேல பழிய போடல. கை கழுவுறது மட்டும் போதாது, மொதல்ல சாணி புள்ளைங்க மேல படாம பண்ணை பாத்துக்கணும்னுதான் சொன்னாங்க. அந்தப் பெத்தவங்க வெள்ளக்காரங்க, அதனால தப்பிச்சாங்க போல.

உங்க பத்திரிகைய எங்கப்பா காலத்துல இருந்து வாங்குறோம். தேயிலைன்னா கூடையோட சிரிக்கிற ஒரு பொம்பள படம், மழன்னா மண்சரிவு, மே தினம்னா தலைவருங்க. 2023ல நாங்க இந்தியாவுல இருந்து மலையகத்துக்கு வந்து 200 வருஷம்னு மலர் போட்டீங்க, சந்தோசம். 2024ல நாட்சம்பளம் 1,350 ஆனப்ப அத கொட்ட எழுத்துல போட்டீங்க, அதுவும் சந்தோசம், அந்த 1,350ல ஒரு தாயும் ஒரு புள்ளையும் டிக்கட் வாங்கினா மிச்சம் 50 ரூபா, புல்லு கூட வாங்க ஏலாது. புள்ளக் காம்பராவுக்கு (வேலைக்குப் போற தாய்மாரு புள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம்) தண்ணி வரலன்னு நான் ரெண்டு வருஷத்துக்கு முந்தி எழுதின கடிதத்த நாலு வரியா வெட்டி, "புள்ளக் காம்பரா"ன்னு எழுதினத "குழந்தைகள் அறை"ன்னு மாத்திப் போட்டீங்க. அங்க இப்பவும் தண்ணி கீழ பீலியில இருந்து வாளியிலதான் வருது. தண்ணி இல்லாத எடத்துல வளர்ற புள்ளைக்கு கை கழுவப் பழகலன்னு எழுதுறது எவ்வளவு லேசு பாருங்க.

மன்னிப்பெல்லாம் கேக்க வேணாம். அதே பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி போடுங்க, போதும்: பண்ணைக்குப் போறவங்க ஒரு துண்டு சவுக்காரம் கொண்டு போங்க, ஆட்டுப் பட்டிக்குள்ள சாப்பிடக் குடுக்காதீங்க, வெளிய வந்ததும் கையோட சப்பாத்தையும் கழுவுங்க. தமிழ்லதான் போடுவீங்க, பண்ணைக்காரங்க வெட்டி எடுத்து ஒட்டிக்கிட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல.

இப்படிக்கு,
ஒரு முன்பள்ளி டீச்சர்,
தலவாக்கலை.

பி.கு.: பேரு போட வேணாம். போன தடவ பிழையாத்தான் போட்டீங்க.