ஆபரேட்டர் சாப்பிடப் போயிருக்கிறார்: தியேட்டர்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுத் திரையரங்கு உரிமையாளர்களுக்கு வணக்கம்.

நான் சினிமா வெறியன் இல்லை. முதல் நாள் முதல் காட்சி, விசில், காகிதம் கிழித்து எறிவது எல்லாம் கல்லூரியோடு முடிந்தது. இப்போது ஆண்டுக்கு நாலு படம், மிஞ்சினால் ஐந்து. வீட்டில் எல்லோருக்கும் லீவு அமைந்து, ‘படம் பரவாயில்லை’ என்று பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டால் கிளம்பிவிடுவோம். கடந்த ஆறு மாதத்தில் மூன்று முறை வந்தோம். மூன்றும் மதுரையில்தான், ஆனால் வேறு வேறு தியேட்டர். பெயர் வேண்டாம்.

டிக்கெட் விலையைப் பற்றிப் புலம்பப் போவதில்லை. மல்டிபிளெக்ஸ் டிக்கெட் வரி நீங்கலாக 150 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று 2017இல் அரசு வரம்பு வைத்தது. அதற்குப் பிறகு உங்கள் கரண்ட் பில் எவ்வளவு ஏறியிருக்கும் என்று எனக்கும் தெரியும். அந்தக் கணக்கைப் பாப்கார்னில் நேர் செய்கிறீர்கள் என்பதும் தெரியும். சரி, பிழைப்பு.

என் குறை வேறு. கோடை விடுமுறையில் பார்த்த படத்தில் காட்டுக்குள் ராத்திரியில் ஒரு சண்டை. திரையில் கறுப்பாக ஏதோ அசைகிறது, ‘டிஷ்யூம்’ சத்தம் மட்டும் கேட்கிறது. ஒன்பதாவது படிக்கும் என் மகள் காதருகே வந்து, “அப்பா, யாரு யாரை அடிக்கிறா?” என்றாள். எனக்கும் தெரியவில்லை. கேமராமேன் சொதப்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் அதே படம் ஓடிடிக்கு வந்தது. வீட்டு டிவியில் வில்லன் சட்டையின் கட்டம்கூடத் தெரிகிறது! பாவம் அந்தக் கேமராமேன், அநியாயமாக அவரைத் திட்டியிருக்கிறேன்.

திரையின் வெளிச்சத்துக்கென்று ஓர் அளவு உண்டு: 14 ஃபுட்-லாம்பர்ட். டிஜிட்டல் சினிமாவுக்கு உலகம் முழுக்க அதுதான் கணக்கு. புரொஜெக்டரில் இருக்கும் செனான் விளக்கு எரிய எரிய மங்கும், குறித்த மணி நேரம் ஓடியதும் மாற்ற வேண்டும். த்ரீடி படம் ஓட்டிய பிறகு அந்த லென்ஸைக் கழற்றாமல் சாதாரணப் படம் போட்டால் வெளிச்சத்தை அது விழுங்கிவிடும். இதெல்லாம் எனக்குப் படித்துத் தெரிந்தது, உங்களுக்குத் தொழிலிலேயே தெரியும். தெரிந்தும் விளக்கை மாற்றத் தள்ளிப் போடுகிறீர்கள் என்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

படம் ஓடிய அன்றைக்கே, எதற்கும் சொல்லிப் பார்க்கலாம் என்று எழுந்து வெளியே வந்தேன். வராந்தாவில் ஆள் இல்லை. கியூஆர் கோடை ஸ்கேன் செய்த பையனையும் காணோம். பாப்கார்ன் கவுண்டரில் மட்டும் நாலு பேர். “படம் இருட்டா இருக்கு தம்பி, ஆபரேட்டர்கிட்ட சொல்லணும்” என்றேன். அதில் ஒரு பையன் மரியாதையாகத்தான் சொன்னான்: “ஆபரேட்டர்னு தனியா யாரும் உள்ள உக்கார மாட்டாங்க சார். டைம் செட் பண்ணிட்டா சர்வர்ல தானா ஓடும். நாலு ஸ்கிரீனுக்கும் ஒரே அண்ணன்தான். அவரு சாப்பிடப் போயிருக்காரு.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “சார், காம்போ எதுவும் வேணுமா?” என்றான்.

என் அப்பா எங்கள் மதுரைத் தங்கம் தியேட்டர் கதையை நூறு முறை சொல்லியிருப்பார். 1952இல் திறந்தது, 2,500க்கும் மேல் இருக்கை, ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று ஊரே பீற்றிக்கொள்ளும். இன்று அந்த இடத்தில் துணிக்கடை. அந்தக் கதையில் அப்பா விடாமல் சொல்வது ஆபரேட்டரைப் பற்றி. அப்போது புரொஜெக்டருக்கு வெளிச்சம் தந்த கார்பன் குச்சி எரிந்து தேயத் தேய, அருகிலேயே நின்று அதைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டுமாம். படம் கொஞ்சம் மங்கினால் போதும், தரை டிக்கெட்டிலிருந்து “டேய் ஆபரேட்டர்!” என்று குரல் கிளம்பும். அடுத்த நிமிடம் படம் பளிச்சென்று ஆகிவிடும். வாய்க்கு வந்தபடி திட்டு வாங்கினாலும், திட்டுவதற்கு அங்கே ஒருவர் இருந்தார்.

இரண்டாவது முறை போனபோது அம்மாவும் வந்தார். வயது 72, முழங்கால் வலி. முன்னால் விளம்பரம் எவ்வளவு நேரம் ஓடும் என்று யாருக்குத் தெரியும்? டிக்கெட்டில் போட்ட நேரத்துக்கு ஐந்து நிமிடம் தாமதமாக நுழைந்தோம், உள்ளே ஒரே இருட்டு. எங்களுக்குக் ‘கே’ வரிசை. படிக்கட்டு ஓரத்தில் இருக்க வேண்டிய குட்டி விளக்குகளில் பாதி எரியவில்லை. அம்மா ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி ஏறினார். மகள் செல்போன் டார்ச்சைப் போட்டதும் பின்னாலிருந்து “லைட்ட அணைங்க” என்று ஒரு சத்தம். பாதி வழியில் நின்று அம்மா கேட்டார்: “டார்ச் அடிக்கிற பையன் எங்கடா?”

மூன்றாவது முறை படம் நன்றாகவே தெரிந்தது, சத்தமும் அளவு. அதைச் சொல்லாவிட்டால் பாவம். இடைவேளையில் தண்ணீர் தேடினேன். வெளிச் சாப்பாட்டைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு, ஆனால் குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜிலேபி தின்றுவிட்டு சீட்டில் கையைத் துடைத்தால் கழுவுகிற செலவை யார் தருவது என்று நீதிபதி கேட்டாரே, அதே வழக்கு. நியாயமான கேள்வி, நான் உங்கள் பக்கம். தண்ணீர் இயந்திரமும் இருந்தது, கழிவறைக்குப் போகும் வழியில். டம்ளர்தான் இல்லை. பாட்டிலும் கொண்டுவரக் கூடாது. உள்ளங்கையைக் குவித்துக் குடித்துவிட்டு வந்தேன்.

ஓடிடிக்கு நாலு வாரத்தில் படம் போய்விடுகிறது, எட்டு வாரமாவது ஆக வேண்டும் என்று கேட்கிறீர்கள். கேளுங்கள், கிடைத்தால் நல்லதுதான். ஆனால் எட்டு வாரம் ஆனாலும் அந்தக் காட்டுச் சண்டை எனக்கு வீட்டில்தானே தெரியப்போகிறது? இரண்டு ஆளைப் போடுங்கள். ஒருவர் மேலே, படம் ஓடும்போது திரையைப் பார்த்துக்கொண்டிருக்க. ஒருவர் கீழே, கையில் டார்ச்சோடு. நாலு பேர் வந்தால் ஆன்லைன் கட்டணத்தையும் சேர்த்து 900 ரூபாயை ஒட்டி டிக்கெட்டுக்கே தருகிறோம், அதில் இந்த இரண்டு சம்பளத்துக்கும் ஏதாவது தேறாதா?

பொங்கல் லீவில் வருவதாக இருக்கிறோம். அம்மாவும் வருகிறார். இந்த முறை படி ஏறாமல் உட்காருகிற மாதிரி வரிசையாகப் பார்த்து புக் செய்துகொள்கிறேன். அந்தக் குட்டி விளக்குகளை மட்டும் அதற்குள் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆண்டுக்கு நாலு படம் பார்க்கிற ஒருவன்,
மதுரை.