சைலன்சர் விற்பவரை யார் கேட்பது?

தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நானும் புல்லட் ஓட்டுபவன்தான். சத்தமே பிடிக்காத ஆள் என்று நினைத்து இந்த மடலை ஒதுக்கிவிடாதீர்கள்.

எங்கள் தெருவுக்குள் இரவு பதினொன்றரைக்கு, காதைப் பிளக்கும் சைலன்சர் மாட்டிய ஒரு வண்டி வரும். முனை திரும்பும்போதே நாய்கள் எழுந்துகொள்ளும், அப்புறம் மாடி வீட்டுக் கைக்குழந்தை. ஒருநாள் அந்தப் பையனை நிறுத்திக் கேட்டேன். "கடையிலதான் அண்ணே வாங்கினேன், பில்லு இருக்கு" என்றான். நிஜமாகவே எடுத்துக் காட்டினான். அதற்குமேல் அவனிடம் என்ன பேச?

சட்டத்தில் குறை இல்லை. இருசக்கர வண்டிகளில் 80 சிசிக்கு மேல் 175 சிசி வரை சத்தத்துக்கு எல்லை 77 டெசிபல், 175 சிசிக்கும் மேலே போனால் 80 டெசிபல். மீறி ஓட்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்சும் 3 மாதம் போகும். எல்லாம் ஓட்டுபவன் தலையில்.

பல ஊர்களில் போலீசார் பிடித்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்டிமேல் 'பந்தயத்துக்கு மட்டும்' என்று ஒட்டிவிட்டு, தெருவில் ஓட்டப்போகிறவனுக்கே விற்கிறார்களே, அந்தக் கல்லாவுக்கு ரோலர் எப்போது போகும்? சில குழாய்களில் சத்தத்தை அடக்கும் துண்டு ஒரே ஒரு போல்ட்டில் நிற்கிறது. சோதனை என்றால் மாட்டிக்கொள்ளலாம், தாண்டியதும் கழற்றிவிடலாம். இதற்காகவே செய்த பொருள் அது.

ஆகவே முதலில் உதிரிபாகக் கடைகளில் ஆய்வு நடத்துங்கள். இந்த சைலன்சர்களை வண்டியில் பொருத்திக்கொடுக்கும் பட்டறைகளையும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, புகைச் சான்றிதழ். குழாய்க்குள் கம்பியை விட்டுப் புகையை அளக்கிறவர்கள் அதே குழாயின் சத்தத்தை அளப்பதில்லை. அரை மீட்டர் தள்ளி ஒரு மைக் வைத்தால் தெரிந்துவிடும். விதி மத்திய அரசுடையது என்பீர்கள், சரி, பரிந்துரைத்து ஒரு கடிதமாவது எழுதலாமே.

அந்தப் பையனிடம் பழைய சைலன்சரையே திரும்ப மாட்டச் சொன்னேன். அதைக் கடைக்காரர் அன்றைக்கே முன்னூறு ரூபாய்க்கு எடுத்துக்கொண்டாராம்.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட ஒரு புல்லட்காரன்