கிண்டியை எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அரசுப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பொறியியல் கலந்தாய்வு நேரத்தில் பிள்ளைகள் விருப்பப் பட்டியலோடு என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். நல்ல கட்-ஆஃப் மதிப்பெண் உள்ளவர்களின் பட்டியலில்கூடச் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரி இருப்பதில்லை. "அது நமக்குக் கிடைக்காதுங்க சார். அதைப் போட்டு, பக்கத்தில் கிடைப்பதும் போய்விட்டால்?" என்கிறார்கள் பெற்றோர்.

இந்தப் பயம் வீண். தரவரிசைப்படி, பட்டியலில் மேலிருந்து கீழாகத்தான் இடம் பார்க்கிறார்கள். முதல் விருப்பம் நிரம்பியிருந்தால் இரண்டாவது, பிறகு மூன்றாவது. கிண்டியை முதலில் எழுதியதால் பர்கூரிலோ செட்டிக்கரையிலோ உள்ள அரசுக் கல்லூரி இடம் கைநழுவாது.

என் பழைய மாணவி ஒருத்தி உள்ளூர்க் கல்லூரிகளை மட்டும் நிரப்பினாள். அவளைவிடக் குறைந்த கட்-ஆஃப் பெற்றவருக்கு அதே பாடப்பிரிவு கிண்டியில் கிடைத்தது. பாலக்கோடு தக்காளி மண்டியில் அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தானே சார் வேண்டாமென்றேன்" என்றார். அந்தக் குரல் இன்னும் என்னை விடவில்லை.

1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக இருக்கும் கல்லூரி அது. நம் வரிப்பணத்தில் நடக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. ஆங்கிலம்தான் அச்சம் என்றால் சிவிலும் மெக்கானிக்கலும் அங்கே தமிழ் வழியிலேயே இருக்கின்றன.

பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கணவரை இழந்து, சிறு குழந்தையோடு இருந்த லலிதா, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர், 1940-இலேயே அங்கு மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். இன்று நம் பெண்கள் மொரப்பூரில் ரயில் ஏறினால் சென்னை.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விருப்பப் பட்டியல் நிரப்பும் நாட்களில் ஒரு மாலை பெற்றோரைப் பள்ளிக்கு அழையுங்கள். ஞாயிறு என்றால் கூலி வேலைக்குப் போகிறவர்களும் வர முடியும். பிள்ளையின் மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டியலை அவர்கள் எதிரிலேயே மேலிருந்து நிரப்பிக் காட்டுங்கள். அழைத்தால் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.